இருப்பதாகச் சொல்லப்படுவது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் போன் செய்தாள். பி.காம். முடித்துவிட்டு எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறவள். "அத்தை, பஞ்செட்டி பக்கம் ஒரு வேர்ஹவுஸ்ல இருந்து கூப்டாங்க. டிஸ்பாட்ச் எக்ஸிக்யூட்டிவ்னு போட்டிருக்கு. அப்பா யார்கிட்டயோ விசாரிச்சிட்டு, 'அது வெறும் கிளார்க் வேலை, வெயில்ல லாரி பின்னாடி நிக்கணும், வேணாம்'னுட்டாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கிளார்க் வேலைதான். லாரி பின்னால் நிற்கத்தான் வேண்டும். 2009இல் மாதவரத்தில் ஒரு குடோனில் நான் சேர்ந்தபோது இதே வேலைக்கு ஷிப்பிங் கிளார்க் என்று பெயர். மாதம் 4,500 ரூபாய். 'வெறும்' என்ற சொல்தான் உறுத்தியது. போனில் பத்து நிமிடம் அவளிடம் ஏதேதோ சொன்னேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை என்று தோன்றியது. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஷிப்பிங் என்றதும் பலர் கப்பலை நினைத்துக்கொள்கிறார்கள். என் மாமியாரும் பெண் பார்க்க வந்தபோது அப்படித்தான் நினைத்தார், நானும் திருத்தவில்லை. என் முதல் குடோனிலிருந்து கப்பல் கண்ணுக்கே தெரியாது. அது சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் விற்கும் கம்பெனிக்கு சி அண்ட் எஃப் ஏஜென்சி. வெளிமாநிலத்துத் தொழிற்சாலையிலிருந்து லாரியில் சரக்கு வரும். அதை இறக்கி அட்டி போட்டு, தமிழ்நாட்டு விநியோகஸ்தர்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். காலையில் ஆர்டர் வரும். இன்வாய்ஸ் அடிப்பேன். அதைப் பார்த்து லோடுமேன்கள் பெட்டிகளை எடுத்து வாசலில் அடுக்குவார்கள். எண்ணி, லாரியில் ஏற்றி, எல்.ஆர். என்ற லாரி ரசீது வாங்கி, கேட் பாஸ் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவேன். நாலைந்து நாள் கழித்து, சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான முத்திரையோடு பி.ஓ.டி. என்ற தாள் திரும்பி வரும். வராவிட்டால் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதாக நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி.

வீடு திருவொற்றியூர் தேரடிப் பக்கம். மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் வந்தது 2021இல்தான். அப்போதெல்லாம் ஷேர் ஆட்டோவில் மணலி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்து மாதவரம். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் போனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். டிரைவர்கள் டிரெய்லருக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருப்பார்கள். குளிப்பது, துவைப்பது எல்லாம் ரோட்டோரம்தான். காலையில் போகும்போது பார்த்த வண்டி மாலை திரும்பும்போதும் அதே சுவரை ஒட்டி நிற்கும். வடசென்னையில் பிறந்த யாருக்கும் கன்டெய்னர் என்பது கப்பலில் போகும் சாமானாக மனதில் பதிவதில்லை. அது ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் தகரச் சுவர்.

முதல் வருடம் என்னை உட்கார வைத்து அழவைத்தது ஒரு பேலட், பெட்டிகளை மொத்தமாக அடுக்கித் தூக்கும் தட்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மதியம், சாப்பாட்டு நேரம், பத்து பேலட் எண்ணெய்ப் பெட்டியோடு ஒரு லாரி வந்தது. ஒவ்வொரு பேலட்டும் மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு பக்கம் மூன்று பெட்டி, இன்னொரு பக்கம் மூன்று பெட்டி. மும்மூன்று ஒன்பது. ஆறு அடுக்கு. ஐம்பத்து நாலு. பத்து பேலட்டுக்கு 540. இன்வாய்ஸிலும் 540. டிரைவர் அவசரப்பட்டார், சிட்டிக்குள் கனரக வண்டிக்குத் தடை நேரம் வருவதற்குள் அவர் போயாக வேண்டும். எல்.ஆரில் '540 பெட்டி நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அந்தச் சரக்கைப் பிரித்தார்கள். ஒரு லோடுமேன் அண்ணன் மேலடுக்கின் நடுப் பெட்டியைத் தூக்கினார். கீழே பெட்டி இல்லை, ஒரு பழுப்பு அட்டை விரித்திருந்தது. அட்டையைத் தூக்கினால் கிணறு. சுற்றிலும் எட்டு எட்டாகப் பெட்டிகள், நடுவில் தரை வரைக்கும் ஒன்றுமில்லை. மேலே மட்டும் ஒன்பது வைத்து மூடியிருந்தார்கள். ஒரு பேலட்டுக்கு ஐந்து பெட்டி குறைவு. பத்தில் நாலு பேலட் அப்படி. மொத்தம் இருபது பெட்டி.

யார் செய்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. தொழிற்சாலையிலா, வழியிலா, எங்கே என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒரே தாளைத்தான் காட்டினார்கள். என் கையெழுத்து இருந்த தாள். முதலாளி பாதி நஷ்டத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, மீதிக்கு என் சம்பளத்தில் மாதம் 500 பிடித்தார். அப்போது அது கருணை என்றே நினைத்தேன். இப்போது யோசித்தால், எண்ணக் கற்றுக்கொடுக்காமல் ஒருத்தியை வாசலில் நிற்கவைத்ததற்கு அவர் கொடுத்த விலை ரொம்பக் குறைவு.

எங்கள் ஹெட் கிளார்க் ராயபுரத்துக்காரர். மண்ணடிப் பக்கத்துப் பார்சல் ஆபீஸ்களில் முப்பது வருடம் உழைத்துவிட்டு வந்தவர். திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ சரக்கை வாங்கலம்மா, பேப்பரை வாங்கியிருக்க" என்றார். பிறகு அந்த எல்.ஆரைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினார். 'செட் டு கன்டெய்ன்.' உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது. லாரிக்காரன் 540 பெட்டி ஏற்றினேன் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. 540 இருப்பதாக அவனிடம் சொல்லப்பட்டது, அவ்வளவுதான். "அவன் உஷாராத்தான் எழுதியிருக்கான். நீதான் 'பெறப்பட்டது'னு முடிச்சு வெச்சுட்ட."

அன்றைக்கு அவர் மூன்று விஷயம் சொன்னார். எண்ணாத சரக்குக்கு, 'பேலட் 10 பெறப்பட்டது, பெட்டி எண்ணவில்லை' என்று எழுது. டிரைவர் கத்துவான், கத்தட்டும். எல்லாவற்றையும் பிரிக்க நேரமில்லை என்றால் ஏதாவது இரண்டை எடைபோடு, பெட்டிக்குப் பத்து கிலோ என்றால் ஐம்பது கிலோ குறைவது முள்ளில் தெரிந்துவிடும். மூன்றாவது, பேலட்டைப் பிரிக்கச் சொன்னால் லோடுமேனுக்கும் டிரைவருக்கும் டீ சொல். பிரிச்சது சரியாக இருந்துவிட்டால் அவர்கள் உழைப்பு வீண், நம்மைத் திட்டத்தான் செய்வார்கள். டீ வந்துவிட்டால் கொஞ்சம் குறைத்துத் திட்டுவார்கள்.

எங்கள் தாத்தாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அம்மாவைப் பெற்றவர், செங்குன்றத்து அரிசி மண்டிகளில் மூட்டை தூக்கியவர். செங்குன்றம் முழுக்க ரைஸ் மில்லும் மண்டியுமாக இருக்கும், இன்றைக்கும் அரிசி வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அங்கே குத்தூசி என்று ஒன்று உண்டு. கூர்முனையும் நீளப் பள்ளமும் உள்ள இரும்பு. மூட்டையில் சொருகி உருவினால் பள்ளத்தில் ஒரு பிடி அரிசி வந்து நிற்கும். உள்ளங்கையில் கொட்டி, ஊதி, கடித்துப் பார்த்து, 'கல்லு இருக்கு' என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். மூட்டையைப் பிரிக்காமலே வயிற்றைப் பார்த்துவிடலாம். எண்ணுவதும் சத்தமாகத்தான். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். சின்ன வயதில் தாத்தா பட்டாணி எண்ணிக் கொடுத்தாலும் லாபத்தில்தான் ஆரம்பிப்பார். அட்டைப் பெட்டிக்கு யாரும் குத்தூசி கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் கிளார்க் தேவைப்படுகிறாள் என்று நானே ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன்.

மற்ற கஷ்டங்களையும் ஒரு வரியாவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் அண்ணன் மகள் என்னை நம்பமாட்டாள். அந்தக் குடோனில் பெண்களுக்குக் கழிவறை ஒன்றுதான், அதன் சாவி மேனேஜர் மேசை டிராயரில். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆண்பிள்ளையிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தேன். மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே ஷாம்பு பாட்டில் உப்பிப் போகும், மனுஷி என்ன ஆவாள்? டிரைவர்களைப் பற்றி அம்மா பயந்தார். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. 'தங்கச்சி' என்று கூப்பிட்டுவிட்டு முன்வரிசையில் லோடு போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள், அவ்வளவுதான். சாவி விஷயம்தான் இன்னும் மனசில் இருக்கிறது.

2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. என் வேலை போனதும் அதனால்தான், நான் வளர்ந்ததும் அதனால்தான். ஏன் என்று சொன்னால் இந்தத் தொழில் எதன்மேல் நிற்கிறது என்று புரியும்.

அதற்கு முன்னால், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நேரடியாக விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு, சி ஃபார்ம் கொடுத்தால் 2 சதவீதம். வாங்குகிறவர் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஆனால் கம்பெனி தன் சரக்கைத் தன் சொந்த டெப்போவுக்கே மாற்றினால் அது விற்பனை இல்லை. எஃப் ஃபார்ம் காட்டினால் போதும், அந்த வரி இல்லை. ஆகவே பெரிய கம்பெனி ஒவ்வொன்றும் மாநிலத்துக்கு ஒரு டெப்போ வைத்திருந்தது. தமிழ்நாட்டு டெப்போ பெரும்பாலும் மாதவரம், புழல், செங்குன்றம் பக்கம். ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி நூற்றுக்கணக்கான சின்னக் குடோன்கள் நின்றது சரக்குக்காக மட்டுமல்ல, பாதி இந்த 2 சதவீதத்துக்காக. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. இனி மூன்று மாநிலத்துக்குச் சேர்த்து ஒரே பெரிய கிடங்கு போதும். எங்கள் ஏஜென்சி அந்த வருடம் தீபாவளிக்குப் பிறகு மூடப்பட்டது. கடைசி நாள் இருப்பு எண்ணிக்கையை நானும் ஹெட் கிளார்க்கும்தான் எடுத்தோம். முழுசாகச் சரியாக இருந்தது. அவர் ஓய்வு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அந்த 'ஒரே பெரிய கிடங்கு'களில் ஒன்றில்தான் எனக்கு அடுத்த வேலை கிடைத்தது. மீஞ்சூர் பக்கம். பன்னிரண்டு மீட்டர் உயர ரேக், தரையில் மஞ்சள் கோடு, உயரத்துப் பேலட்டை எடுத்து இறக்கும் ரீச் டிரக், பார்கோடு ஸ்கேனர். பெண்களுக்குத் தனிக் கழிவறை, சாவி இல்லாமல். இன்டர்வியூவில் ஒருவர் ஆங்கிலத்தில் என் 'பலம்' என்ன என்று கேட்டார். பேலட் கதையைத் தமிழிலேயே சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

இடையில் ஒன்று. குடோன் என்ற சொல் மலாய் மொழியின் 'குடாங்' வழியாக ஆங்கிலத்துக்குப் போனது; அந்தக் குடாங்கையே நம் 'கிடங்கு', தெலுங்கு 'கிட்டங்கி'யோடு தொடர்புபடுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கிடங்கு கடல் கடந்து குடோனாகத் திரும்பி வந்து, பிறகு வேர்ஹவுஸ் ஆகி, இப்போது ஃபுல்ஃபில்மென்ட் சென்டர் என்று போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. கிளார்க்கும் அப்படியே எக்ஸிக்யூட்டிவ் ஆனாள். போர்டு மாறும்போது சம்பளம் எவ்வளவு மாறியது என்று மட்டும் கேட்டுக்கொள், கண்ணு.

புது இடத்தில் ஏற்றுமதிச் சரக்கும் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் அங்கிருந்து பக்கம். (எண்ணூர் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கியது, 2014இல் காமராஜர் பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டில் இன்னும் எண்ணூர் போர்ட்தான்.) அங்கேதான் முதல் முறையாக ஒரு பில் ஆஃப் லேடிங்கைக் கையில் எடுத்து முழுசாகப் படித்தேன். கப்பல் கம்பெனி, பல கோடி ரூபாய்ச் சரக்கு, வெளிநாட்டு வங்கி இவ்வளவையும் சேர்த்துக் கட்டும் தாள். அதிலும் அதே வாசகம். 'செட் டு கன்டெய்ன்.' அதற்குப் பக்கத்தில் இன்னும் உஷாராக, ஏற்றியவரே அடுக்கியவர், அவரே எண்ணியவர் என்று ஒரு வரி. கதவு மூடி சீல் வைத்த கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று கப்பல்காரனுக்குத் தெரியாது. துறைமுகத்துக்குத் தெரியாது. வங்கி தாளை மட்டுமே பார்க்கிறது. எல்லோரும் 'இருப்பதாகச் சொல்லப்படுவதை'த்தான் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எடையே 2016 ஜூலை 1 வரைக்கும் ஏற்றுமதியாளர் எழுதிக் கொடுத்ததுதான். அன்றிலிருந்துதான், எடை பார்த்து உறுதி செய்யாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று உலகம் முழுக்க விதி வந்தது. என் ஹெட் கிளார்க் 2009இலேயே சொன்னதுதான்.

அப்படியானால் யார்தான் பார்க்கிறார்கள்? கன்டெய்னர் கதவு மூடுவதற்கு முன்னால் கையில் தாளோடு வாசலில் நிற்கிறவள் பார்க்கிறாள். அந்தப் பக்கம், வேறு ஒரு நாட்டில், சீலை வெட்டிக் கதவைத் திறக்கும்போது நிற்கிற ஆள் பார்க்கிறான். நடுவில் ஒருவரும் இல்லை. அண்ணன் 'வெறும் கிளார்க்' என்று சொன்னது இந்த இரண்டு பேரைத்தான்.

கன்டெய்னர் எண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நாலு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் போட்டு ஒரே ஒரு இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் சும்மா வைத்ததல்ல. எழுத்துகளுக்கு ஒவ்வொரு மதிப்பு உண்டு. முதல் இடத்தை ஒன்றால், அடுத்ததை இரண்டால், அதற்கடுத்ததை நாலால், எட்டால் என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதிதான் அது. மீதி பத்து வந்தால் பூஜ்யம். ஏதாவது ஒரு எண்ணைத் தப்பாக அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து எண்களை இடம் மாற்றினாலோ பெரும்பாலும் மீதி இடித்துவிடும். இதை எக்செலில் நானே ஒரு ஷீட்டாகப் போட்டு வைத்தேன். சேர்ந்த மூன்றாவது மாதம், ஆபீசிலிருந்து வந்த தாளில் இருந்த எண்ணைப் போட்டதும் கடைசி இலக்கம் ஒட்டவில்லை. வெளியே போய்க் கதவில் பார்த்தேன். 1ஐ 7 என்று அடித்திருந்தார்கள். தாள் கஸ்டம்ஸுக்குப் போயிருந்தால் ஒரு திருத்த மனு, இரண்டு நாள், கப்பல் போயிருக்கும். அதற்கு எனக்குப் பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து எண்களைச் சரிபார்க்க என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள். இந்தத் தொழிலில் பதவி உயர்வு பெரும்பாலும் இப்படித்தான் வரும், கடிதம் பிறகுதான் வரும்.

நானே எண்ணைத் தப்பாக அடித்த கதையும் உண்டு. 2019இல் ஆந்திரா போகிற லோடு. சரக்கோடு வண்டியில் போக வேண்டிய ஈ-வே பில்லில் வண்டி எண் போடும் பகுதியில், செங்குன்றம் ஆர்.டி.ஓ.வின் 18ஐ 81 என்று அடித்துவிட்டேன். எல்லைப் பக்கம் தடா தாண்டி வண்டியை நிறுத்திவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு டிரைவர் போன். "மேடம், நம்பரு வேற வண்டியாம்." வண்டி எண்ணில் ஒன்றிரண்டு எழுத்து, இலக்கம் பிழையானால் சரக்கைப் பிடித்து வைக்காமல் 1,000 ரூபாய் அபராதத்தோடு விடலாம் என்று 2018 செப்டம்பரில் சுற்றறிக்கை வந்திருந்தது. அதைத் தேடி டிரைவர் போனுக்கு அனுப்பி, அவர் காட்டி, பணம் கட்டி, வண்டி நகர விடிந்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கையின் நகல் இன்றைக்கும் எங்கள் ஒவ்வொரு டிரைவர் ஃபைலிலும் இருக்கிறது. நான் வண்டி எண்ணை அடித்த பிறகு சத்தமாக வாசிப்பேன். தாத்தா மாதிரி.

ஸ்கேனர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு பெட்டியை மேசையில் வைத்து ஸ்கேனரைக் கையில் கொடுப்பேன். "பத்து தடவை அடி." பீப், பீப் என்று பத்து தடவை. திரையில் பத்து பெட்டி. பெட்டிக்குப் பெட்டி தனி எண் ஒட்டாத சரக்கில், பார்கோடு அது என்ன பொருள் என்றுதான் சொல்லும், எந்தப் பெட்டி என்று சொல்லாது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அவசரத்தில் ஒருத்தன் ஒரே பெட்டியை இரண்டு தடவை அடிப்பது தினம் நடக்கிறது, திருட்டெல்லாம் இல்லை. கம்ப்யூட்டர் காட்டுவதும் இருப்பதாகச் சொல்லப்படுவதுதான். அதனால் தினமும் ஐம்பது இடங்களை எண்ணச் சொல்கிறேன். ஏ வரிசை, ஏழாவது ரேக், மூன்றாவது தட்டு என்று ஒவ்வொரு இடத்துக்கும் முகவரி இருக்கிறது. திரையை மூடிவிட்டு எண்ணு, எழுது, பிறகு திற. திரையைப் பார்த்துவிட்டு எண்ணினால் கண் அதே எண்ணைத்தான் பார்க்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த ஐம்பதுதான் காப்பாற்றியது. எண்ணூர் பக்கம் எண்ணெய் மிதந்த அதே வெள்ளம். எங்கள் கிடங்குக்குள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த அட்டைப் பெட்டிகள் ஊறித் தொட்டால் கையோடு வந்தன. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து முதலில் கேட்டது, "தண்ணி வர்றதுக்கு முன்னாடி கீழ்த்தட்டுல என்ன இருந்துச்சு?" சிஸ்டம் பட்டியலைக் கொடுத்தால் 'இது உங்க கம்ப்யூட்டர் சொல்றது' என்பார், அதில் தப்பில்லை. நான் பால்பாயின்ட் பேனாவில் எழுதிய எண்ணிக்கைத் தாள்களை எடுத்து வைத்தேன். அவர் தண்ணீர் தொடாத மேல்தட்டுகளில் இருபது இடங்களைத் தானே தேர்ந்தெடுத்து எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது சரி, ஒன்றில் ஒரு பெட்டி கூடுதல். அந்தக் கூடுதல் ஒன்றைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு வாக்குவாதம் இல்லை.

எதிர்காலம் என்ன என்று அண்ணன் கேட்பார், ஆகவே அதையும் எழுதிவிடுகிறேன். நான் கிளார்க், இன்வென்ட்டரி, ஷிஃப்ட் இன்சார்ஜ், இப்போது மேனேஜர் என்று போனேன். வேறு வழிகளும் உண்டு. தாளில் பிரியம் இருந்தால் ராஜாஜி சாலைப் பக்கம் கஸ்டம்ஸ் புரோக்கர்களிடம் சேர்ந்து, பரீட்சை எழுதி, கஸ்டம்ஸ் வேலை பார்க்க ஜி கார்டு என்ற அட்டை வாங்கலாம்; பரீட்சை எழுதாதவர்களுக்கு எச் கார்டு. நானும் ஒரு காலத்தில் புத்தகம் வாங்கினேன், இருபது பக்கத்தில் தூங்கிவிட்டேன். எக்செலில் வி-லுக்கப், பிவட் இரண்டும் தெரியாமல் இரண்டாவது வருடத்தைத் தாண்டாதே. ஆங்கிலத்தில் நாலு வரி மெயில் தப்பில்லாமல் எழுதக் கற்றுக்கொள். சரக்கு குறைந்தால் அதை எழுதுகிறவள் சொல்வதுதான் நிற்கும். எம்.பி.ஏ. படித்தவர்கள் நேராக மேலே வந்து உட்காருவார்கள், பல்லைக் கடித்துக்கொள். அதில் சிலர் கெட்டிக்காரர்கள். இன்னும் சிலர் ஒரு லாரிக்கு எத்தனை பெட்டி பிடிக்கும் என்று உன்னிடம்தான் ரகசியமாக வந்து கேட்பார்கள். சொல்லிக் கொடு.

சம்பளம் முதல் மூன்று வருடம் குறைவு. அதைச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரவு ஷிஃப்ட் என்றால் வண்டி அனுப்புகிறார்களா என்று முதல் நாளே கேள். கால்வலிக்கு நல்ல ஷூ வாங்கு, அத்தை காசு தருகிறேன்.

இதை எழுதி முடிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். அதற்குள் அவள் அப்பாவிடம் மல்லுக்கட்டி வேலையில் சேர்ந்துவிட்டாள். நாலாவது நாள் சாயங்காலம் போன் வந்தது. பின்னால் ரீச் டிரக் பின்வாங்கும் சத்தம்.

"அத்தை, இன்னிக்கு பன்னெண்டு பேலட் வந்துச்சு. அதுல ஒண்ணைப் பிரிக்கச் சொன்னேன். எல்லாரும் என்னை மொறைக்கிறாங்க."

"எத்தனை இருந்துச்சு?"

"நாப்பத்தெட்டு. சரியாத்தான் இருந்துச்சு." குரல் இறங்கியிருந்தது. "தேவையில்லாம பிரிச்சிட்டேன் போல."

"டீ சொன்னியா?"

"யாருக்கு?"